மூணு கோல் அடிச்சும் ஏன் தோத்தோம்? ஏற்காடு மலையில் ஒரு கால்பந்துக் கணக்கு!

மூடுபனி இறங்கினால் ஏற்காட்டில் கால்பந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். இந்தப் பக்க கோல் போஸ்ட்டில் நிற்பவருக்கு அந்தப் பக்க கோல் போஸ்ட் தெரியாது. அங்கே விசில் சத்தமும், நாலு பேர் கத்துவதும் கேட்கும். அதை வைத்து கோலா, இல்லையா என்று யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு நான் பார்த்த ஆட்டத்தில் அப்படி யூகிக்கக்கூட அவசியமில்லை. ஏனென்றால் நான் நின்ற பக்கத்து கோல் போஸ்ட்டுக்குள்தான் பந்து நான்கு முறை போனது. மலைக் கிராமத்துப் பையன்கள் இரண்டு அணியாக ஆடிய சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். 3-4 என்று தோற்றது, எனக்குப் பக்கத்தில் இருந்த கோல்கீப்பர் பையனின் அணி. வயது 14 இருக்கும். கிளவுஸைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த தன் தாத்தாவிடம் வந்தான்.

"மூணு கோல் அடிச்சோம் தாத்தா. மூணு! அப்பவும் தோத்துட்டோம். எல்லாரும் என்னையத்தான் திட்டுறாங்க. இனிமே நான் கீப்பர் நிக்கமாட்டேன். ஃபார்வர்டுதான்."

காபித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர் அந்தத் தாத்தா. பேரனின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் தம்பி, படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒரு ஆட்டம் ஜெயிக்கணும்னா எத்தனை கோல்தான் அடிக்கணும்?"

'எதிரணியைவிட ஒன்று அதிகமாக' என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால், பையனின் முகம் அந்தக் கிண்டலைத் தாங்கும் நிலையில் இல்லை. தவிர, இதைவிட நல்ல கேள்வியைக் கால்பந்து பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கோடிகளைக் கொட்டி அணி நடத்துபவர்களின் கேள்வியும் இதுதானே? கையில் இருக்கும் பணத்துக்கு கோல் அடிப்பவரை வாங்குவதா, கோலைத் தடுப்பவரை வாங்குவதா?

ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பையனுக்கு மிளகாய் பஜ்ஜி. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நம்ம ஊர்க் கதை ஒன்றைச் சொன்னேன்.

கோவையில் ஒரு சனிக்கிழமை

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி 40 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. பின்னாலேயே 39 புள்ளிகளுடன் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ்தான் சென்னை சிட்டியின் பயிற்சியாளர். முன்னால் நின்று கோல்களைக் குவித்தவர் பெட்ரோ மான்சி. அந்த சீசனில் மட்டும் 21 கோல்!

எதிரணி மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. முதல் பாதி முழுக்க 0-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்தது. இங்கே சென்னை சிட்டி டிரா செய்து அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

அந்த முதல் கோலை வாங்காமல் இருந்திருந்தால் சென்னை சிட்டிக்கு ஒரு கோல் போதும். வாங்கியதால் இரண்டு தேவைப்பட்டது. இரண்டாவது பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலையும் அடித்தது ஃபார்வர்ட் இல்லை. கௌரவ் போரா என்ற டிஃபெண்டர்! 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என ஜெயித்துவிட்டது. முடிவில் 43-க்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று முதல்முறையாக ஐ-லீக் சாம்பியன் ஆனது.

அந்த சீசனில் 20 ஆட்டங்களில் சென்னை சிட்டி அடித்த கோல் 48, வாங்கிய கோல் 28. ஈஸ்ட் பெங்கால் அடித்தது 37, வாங்கியது 20. அதாவது, சென்னை சிட்டியின் பின்வாசல் கொஞ்சம் திறந்தேதான் கிடந்தது. வாங்கியதை எல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்து ஜெயித்த அணி அது.

"பாத்தீங்களா தாத்தா! கோல் அடிக்கிறவன்தான் கெத்து" என்றான் பையன், வாயில் பஜ்ஜியோடு.

அவசரப்படாதே ராஜா, இன்னொரு கதை இருக்கிறது என்றேன்.

42 பெரிதா, 24 பெரிதா?

2017-18 ஐ.எஸ்.எல் சீசன். எஃப்.சி கோவா 18 லீக் ஆட்டங்களில் 42 கோல் அடித்தது. அவர்களுடைய ஸ்பெயின் வீரர் கோரோ மட்டும் 18 கோல். பார்க்கவே கொள்ளை அழகான ஆட்டம். நம்ம சென்னையின் எஃப்.சி அதே 18 ஆட்டங்களில் அடித்தது வெறும் 24. ஆனால் புள்ளிப் பட்டியலில் சென்னைக்கு 32 புள்ளி, கோவாவுக்கு 30!

எப்படி? கோவா வாங்கிய கோல் 28, சென்னை வாங்கியது 19. கோவா ஒரு நாள் ஐந்து கோல் அடித்தாலும் அன்றைக்குக் கிடைப்பது மூன்று புள்ளிதான். மிச்ச கோலை டப்பாவில் போட்டு வைத்து அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாதே. ஜான் கிரிகரி பயிற்சியில் ஆடிய சென்னை, 1-0, 2-1 என்று சிக்கனமாகக் குடும்பம் நடத்திய அணி. அரையிறுதியில் இதே கோவாவோடு கோவாவில் 1-1 டிரா செய்துவிட்டு, சென்னையில் 3-0 என்று முடித்துவிட்டார்கள். மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்.சி-யை 3-2 என்று வீழ்த்திக் கோப்பை. அதிலும் இரண்டு கோல் தலையால் முட்டி அடித்தவர் மெயில்சன் ஆல்வெஸ். அவரும் டிஃபெண்டர்தான்!

2015-ல் சென்னையின் முதன்முதலாக ஐ.எஸ்.எல் கோப்பையை வாங்கியபோதும் இறுதியாட்ட ஸ்கோர் 3-2. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்ததால், சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடிய சீசன் அது. இறுதியாட்டத்தில் 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. 90-வது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கையில் பட்டு, சொந்த வலைக்குள்ளேயே ஒரு பந்து போனது. அடுத்த இரண்டே நிமிடத்தில் மென்டோசா வெற்றி கோலை அடித்தார். அந்த கோல்கீப்பரின் அன்றைய இரவை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கும். அன்று தோற்றது 11 பேர். ஆனால் எல்லோர் ஞாபகத்திலும் நிற்பது அவர் ஒருவர்தான்.

அதற்காக, கோவாவின் வழி தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2019-20 சீசனில் 46 கோல் அடித்து லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததும் இதே கோவாதான். அப்புறம் அரையிறுதியில் சென்னையிடம் முதல் ஆட்டத்தில் 1-4, இரண்டாவது ஆட்டத்தில் 4-2. மொத்தம் 5-6. ஒரே நாளில் நாலு கோல் அடித்து ஜெயித்துவிட்டு வெளியேறிய சோகத்தை என்னவென்று சொல்ல?

டீக்கடையில் ஒரு கணக்கு

பில் எழுதும் துண்டுச்சீட்டு ஒன்றைக் கடைக்காரரிடம் வாங்கினேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

கால்பந்தில் கோல் என்பது அபூர்வமான சரக்கு. 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களுக்கு மொத்தம் 172 கோல். ஆட்டத்துக்கு 2.69. அதாவது ஓர் அணிக்குச் சராசரியாக ஒன்றேகால் முதல் ஒன்றரைக்குள். நம் கணக்குக்கு எதிரணி சராசரியாக 1.3 கோல் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்படி அபூர்வமாக நடக்கும் விஷயங்களை எண்ணுவதற்கு, பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணிதமேதை 1837-லேயே ஒரு சூத்திரம் எழுதி வைத்துவிட்டார். அதில் போட்டுப் பார்த்தால், 100 ஆட்டங்களில் ஏறக்குறைய 27 ஆட்டங்களில் எதிரணி ஒரு கோல்கூட அடிக்காது. 35 ஆட்டங்களில் ஒன்று, 23-ல் இரண்டு, 10-ல் மூன்று, மீதி 5-ல் நான்கோ அதற்கு மேலோ.

இப்போது நம் பக்கம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1.

100 ஆட்டத்திலும் நாம் கோலே அடிக்கவில்லை என்றால், 27 டிரா. 27 புள்ளியோடு வீட்டுக்குப் போகலாம். எல்லா ஆட்டத்திலும் சரியாக ஒரு கோல் அடித்தால்? 27 வெற்றி, 35 டிரா. மொத்தம் 116 புள்ளி. இரண்டு கோல் அடித்தால் 62 வெற்றி, 23 டிரா. 209 புள்ளி. மூன்று அடித்தால் 265. நான்கு அடித்தால் சுமார் 290.

படிக்கட்டைக் கவனியுங்கள். முதல் கோல் 89 புள்ளி கூடுதலாகத் தருகிறது. இரண்டாவது கோல் 93. மூன்றாவது 56-தான். நான்காவது வெறும் 25. பசிக்கு முதல் இரண்டு இட்லி, அப்புறம் எல்லாம் நாக்குக்கு! எனவே, தாத்தாவின் கேள்விக்கு நேரடி பதில் இரண்டு. ஆட்டத்துக்கு இரண்டு கோல் தவறாமல் அடிக்கும் அணி, எந்த லீக்கிலும் மேலேதான் இருக்கும். சென்னை சிட்டி சாம்பியன் ஆன சீசனில் அதன் சராசரி 2.4.

"அப்ப நான் சொன்னதுதானே சரி?" என்றான் பையன்.

துண்டுச்சீட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டேன். நம் அணி சுமாரான அணி. அதே 1.3 கோல்தான் அடிக்கும். ஆனால் கோல்கீப்பர் 100 ஆட்டத்திலும் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. அப்போது என்ன ஆகும்? நாம் அடிக்காத 27 ஆட்டங்கள் டிரா. மற்ற 73-ம் வெற்றி. 219-ம் 27-ம் சேர்த்து 246 புள்ளி.

இரண்டு கோல் அடித்தால் 209. ஒன்றுமே வாங்காவிட்டால் 246. மூன்று கோல் அடிப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

பையன் சீட்டைப் பிடுங்கி இரண்டு முறை பெருக்கிப் பார்த்தான். கணக்கில் கெட்டி போல. ஒன்றும் பேசவில்லை.

27 கோலும் 8 கோலும்

1954 உலகக் கோப்பையில் ஹங்கேரி அணி ஐந்து ஆட்டங்களில் 27 கோல் அடித்தது. முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று துவைத்துக் காயப்போட்டது. இறுதியாட்டத்தில் அதே மேற்கு ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றது. 2010-ல் ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் அடித்தது எட்டே எட்டு கோல். முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோல்வி வேறு. ஆனால் நாக் அவுட் சுற்றின் நான்கு ஆட்டங்களிலும் 1-0, 1-0, 1-0, 1-0. உலக சாம்பியன்! இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் ராபன் தனியாகப் பந்தோடு வந்தபோது, கோல்கீப்பர் கசியாஸ் காலை நீட்டித் தடுத்தாரே, அதைப் பையனுக்கு மொபைலில் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தான்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 2013-14 சீசனும் இந்த ரகம்தான். லிவர்பூல் 38 ஆட்டங்களில் 101 கோல் அடித்தும் இரண்டாம் இடம். வாங்கியது 50. முதலிடம் பிடித்த மான்செஸ்டர் சிட்டி அடித்தது 102, ஒன்றே ஒன்றுதான் அதிகம். ஆனால் வாங்கியது 37. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 3-0 என முன்னிலையில் இருந்த லிவர்பூல், கடைசி 11 நிமிடங்களில் மூன்று கோல் வாங்கி டிரா செய்ததை இங்கிலீஷ்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

சரி, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டால் போதுமா? அதுவும் நடக்காது. 2020-21 சீசனில் சென்னையின் 20 ஆட்டங்களில் வாங்கியது 23 கோல்தான். அடித்ததோ 17. ஆட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. விளைவு, 11 டிரா! எட்டாவது இடம். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்த காலத்தில் டிராவுக்கு ஒரு மரியாதை இருந்தது. இங்கிலாந்து 1981-ல் மூன்று புள்ளி முறையைக் கொண்டுவந்தது. 1994-ல் உலகக் கோப்பைக்கும் அது வந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று டிரா சேர்ந்தால்தான் ஒரு வெற்றி.

நம்ம மலை உயரத்துக்குச் சமமான ஸ்ரீநகரிலிருந்து வந்த ரியல் காஷ்மீர் அணியைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்லத் தோன்றுகிறது. சென்னை சிட்டி கோப்பை வாங்கிய அதே 2018-19 சீசனில்தான் அவர்கள் முதன்முதலாக ஐ-லீக் ஆடினார்கள். பின்வரிசையைப் பலமாக வைத்துக்கொண்டு மூன்றாம் இடம் பிடித்தார்கள். சிறந்த கோல்கீப்பர் விருதும் அவர்களின் பிலால் கானுக்குத்தான்.

மலை என்றதும் தாத்தா தன் பங்குக்கு ஒரு விஷயம் சொன்னார். "கீழ சேலத்துல இருந்து வர்ற பசங்க இங்க வந்தா பந்தைத் தூக்கி அடிச்சிட்டு, 'என்ன இவ்ளோ தூரம் போகுது'ம்பாங்க தம்பி." அதிலும் அறிவியல் இருக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பந்துக்கு எதிர்ப்பு குறைவதால் வேகம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. கோல்கீப்பர் எதிர்பார்ப்பதைவிட ஒரு நொடித் துளி முன்னதாகவே வந்துவிடும். பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டர் உயரம். அங்கே 2009 ஏப்ரல் 1 அன்று, மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா 1-6 என்று தோற்றது. மெஸ்ஸியும் அன்று ஆடினார். முட்டாள்கள் தினச் செய்தி என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

"ஆக, நீ வாங்குன நாலு கோல்ல ஒண்ணு மலையோட கணக்கு" என்றேன். பையன் முதல்முறையாகச் சிரித்தான்.

யாருக்கு போட்டோ?

ஆனால் அவனுடைய பிரச்னை புள்ளிவிவரம் மட்டும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சில் வெளியே வந்தது. அடுத்த மாதம் சேலத்தில் ஒரு தேர்வு முகாம். தேர்வாளர்கள் ஆட்டத்தைப் பார்க்கும் சில நிமிடங்களில் கண்ணில் படுவது கோல் அடிப்பவன்தான் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. தோட்டக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

அவன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. சென்னை சிட்டியின் அந்த சீசனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மான்சி பெயர்தான் வரும். 21 கோல் அடித்தவரை ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணி அழைத்துக்கொண்டது. (அந்த சென்னை சிட்டி அணியே பிற்பாடு ஐ-லீக்கில் இல்லாமல் போனது தனிச் சோகம்.) தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை வீழ்த்தியும், 2023-ல் ஹரியானாவை வீழ்த்தியும் தேசிய சாம்பியன் ஆனது. இரண்டு இறுதியாட்டத்திலும் ஸ்கோர் 2-1. அந்த இரண்டு கோலை அடித்தவர்கள் யார் என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவதாக ஒரு கோல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

1950-ல் சார்லஸ் ரீப் என்ற இங்கிலாந்து விமானப்படைக் கணக்கு அதிகாரி, ஸ்விண்டன் டவுன் அணியின் ஆட்டத்தைப் பார்க்கும்போது பொறுமை இழந்து, நோட்டும் பென்சிலும் எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் எண்ண ஆரம்பித்தார். பல நூறு ஆட்டங்களை எண்ணினார். ஒரு கோலுக்கு ஏறக்குறைய ஒன்பது ஷாட் தேவை என்பது அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, பந்தை நீளமாகத் தூக்கி அடியுங்கள் என்பது. அது தப்பு என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். எனக்கும் அந்தக் கட்சிதான் பிடிக்கும். ஆனால் அவருடைய எண்ணிக்கையை இன்னொரு பக்கத்திலிருந்து யாரும் அதிகம் பார்க்கவில்லை. ஒன்பதில் எட்டு ஷாட் கோல் ஆகவில்லை என்றால், அதில் சில வெளியே போயிருக்கும், சில டிஃபெண்டர் மேல் பட்டிருக்கும். மிச்சத்தை யாரோ ஒருவர் விழுந்து புரண்டு பிடித்திருக்கிறார்.

"இன்னைக்கு நீ எத்தனை பந்தைப் பிடிச்ச?" என்று கேட்டேன்.

"எண்ணலைண்ணா."

"நான் எண்ணுனேன்" என்றார் தாத்தா. "ஒம்பது. வந்தது பதிமூணு, உள்ள போனது நாலு. மொத கோல் வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் கல்லை எடுத்து வெச்சேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு கை நிறையக் கூழாங்கற்களை எடுத்து மேஜையில் கொட்டினார். ஒன்பது சின்னது, நாலு பெரியது.

பையன் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் வந்து, மேஜையை அழுக்காக்குவதாகச் சலித்துக்கொண்டார். பையன் சின்னக் கற்களை மட்டும் பொறுக்கித் தன் டவுசர் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"எங்க கண்ணு?"

"கிளவுஸு கிரவுண்டுலயே கெடக்குது தாத்தா. பனியில நனைஞ்சிரும்."